துரு சொன்ன சாட்சி: ஒரு சட்டைப்பை பிஸ்டலின் கதை

1997-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடத்திற்கு விசித்திரமான ஒரு வேலை வந்தது. வழக்கமாக அங்கே வரும் துப்பாக்கிகளைப் பார்த்து 'இந்தக் குண்டு இதிலிருந்து வந்ததா?' என்று கேட்பார்கள். இந்த முறை கேள்வி வேறு. 'இது அதே துப்பாக்கிதானா?'

மேசையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்ன பிஸ்டல். மொத்த நீளமே ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 1865 ஏப்ரல் 14 அன்று இரவு வாஷிங்டன் நகரின் ஃபோர்ட் நாடக அரங்கில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைக் கொன்றது இதுதான் என்று அருங்காட்சியகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 1960-களில் ஒரு திருட்டுக் கும்பல் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டுப் போய்விட்டது என்று போலீசுக்கு ஒரு தகவல் வந்திருந்தது. அது உண்மையாக இருந்தால் முப்பது வருடங்களாக லட்சக்கணக்கான மக்கள் ஒரு பொம்மையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

இந்தக் கேள்விக்கு விடை எப்படிக் கிடைத்தது என்பதில்தான் பழைய துப்பாக்கிகளைப் புதுப்பிக்கும் தொழிலின் மொத்தச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

அந்த இரவில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜான் வில்க்ஸ் பூத் பிரபலமான நடிகன். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது ஜனாதிபதியின் பெட்டிக்குள் நுழைந்து, பின்னால் நின்று ஒரே ஒரு முறை சுட்டான். ஒரே ஒரு முறைதான் சுட முடியும், ஏனென்றால் அந்தப் பிஸ்டலில் ஒரு குண்டுக்கு மேல் இடமில்லை. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் திணித்து, பின்பக்கம் ஒரு சின்னத் தொப்பி போன்ற கேப்பைப் பொருத்திச் சுடும் பழைய ரகம். சுட்டதும் பிஸ்டலைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான், உடனிருந்த மேஜர் ராத்போனைக் குத்தினான், மேடையில் குதித்து ஓடிவிட்டான். லிங்கன் மறுநாள் காலை 7.22-க்கு இறந்தார். அன்று இரவே, தொலைந்த சாவியைத் தேடி அரங்கிற்குத் திரும்பி வந்த வில்லியம் கென்ட் என்பவர் அந்தப் பிஸ்டலைக் கண்டெடுத்தார். பிறகு அது ராணுவத் துறையின் கைக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்து, 1940-இல் மீண்டும் ஃபோர்ட் அரங்கிற்கே வந்து சேர்ந்தது.

சரி, இப்படிப்பட்ட ஒன்றுக்குப் போலி செய்வது அவ்வளவு சுலபமா? இந்தப் பிஸ்டலைப் பொறுத்தவரை ரொம்பவே சுலபம். அதன் பிறப்பிலிருந்தே போலிகளோடுதான் அது வாழ்ந்து வந்திருக்கிறது.

இதைச் செய்தவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஹென்றி டெரிஞ்சர். 1786-இல் பிறந்தவர். ஆரம்பத்தில் அரசாங்கத்துக்கு ரைஃபிள்கள் செய்து கொடுத்தவர், பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் இந்தச் சிறு பிஸ்டல்களால் பெயர் பெற்றார். ஒரே குண்டு என்பதால் ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒரு ஜோடி 15 முதல் 25 டாலர் வரை. வெள்ளி வேலைப்பாடு இருந்தால் இன்னும் அதிகம். கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்களிடையே இதற்கு ஏக கிராக்கி. கிராக்கி இருந்தால் போலி வராமல் இருக்குமா? அவரிடம் வேலை பார்த்தவர்களே வெளியே போய் அவருடைய முத்திரையோடு பிஸ்டல் செய்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் பிளேட் என்ற வியாபாரி போலிகளை விற்க, டெரிஞ்சர் வழக்குத் தொடுத்தார். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் 'டெரிஞ்சர் எதிர் பிளேட்' தீர்ப்பு இன்றும் வணிகமுத்திரைச் சட்டத்தில் பேசப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் 1865-இல்தான், லிங்கன் கொலையான அதே ஆண்டு. ஆங்கிலத்தில் அவர் பெயரில் ஒரே ஒரு 'ர'கரம்தான். மற்றவர்கள் செய்த பிஸ்டல்களையும் சேர்த்துக் குறிக்க இரண்டு 'ர'கரம் போட்டு எழுதும் வழக்கம் வந்து, கடைசியில் அந்தத் தவறான எழுத்தே அகராதியிலும் ஏறிவிட்டது. பாவம், மனிதர் 1868-இல் இறந்து போனார்.

ஆக, 'டெரிஞ்சர், ஃபிலடெல்ஃபியா' என்று பொறித்திருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. அதே வடிவம், அதே அளவு, அதே முத்திரையோடு நல்ல பிஸ்டல்கள் ஊரெல்லாம் இருந்தன. அப்படியானால் நிபுணர்கள் எதைப் பார்த்தார்கள்?

குறைகளைப் பார்த்தார்கள். 1930-களில் ராணுவத் துறையிடம் இருந்தபோது எடுத்த பழைய புகைப்படங்கள் கிடைத்தன. சந்தேகப்பட்ட திருட்டுக்கு முப்பது வருடம் முந்தியவை. புகைப்படத்திலுள்ள மரத்தின் சுழி ரேகைகளையும் எதிரே இருந்த பிஸ்டலின் மரத்தையும் ஒப்பிட்டார்கள். முன்பக்க மரத்தில் ஒரு விரிசல் இருந்தது. அதே இடத்தில், அதே போக்கில், படத்திலும் இருந்தது. குழலின் மேல் துரு தின்ற சின்னச் சின்னக் குழிகள். அவையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. போலி செய்பவன் முத்திரையைச் செய்யலாம், வெள்ளித் தகட்டைச் செய்யலாம். துரு எங்கெங்கே எத்தனை ஆழம் தின்றிருக்கிறது என்பதை எப்படிச் செய்வான்? பிஸ்டல் அசல்தான் என்று முடிவானது.

இப்போது ஒரு கற்பனை. 1940-இல் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது யாரோ நல்லெண்ணம் கொண்ட ஒருவர், 'இவ்வளவு முக்கியமான பொருள் இப்படி அசிங்கமாக இருக்கலாமா?' என்று அதை ஒரு கைதேர்ந்த துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்திருந்தால்? அவர் குழலைத் தேய்த்துக் குழிகளை நீக்கியிருப்பார். விரிசலில் பசை ஊற்றி அடைத்திருப்பார். மரத்தைச் சுரண்டி எண்ணெய் ஏற்றியிருப்பார். பிஸ்டல் பளபளவென்று இருந்திருக்கும். 1997-இல் அது அசலா போலியா என்று சொல்ல மிகக் குறைவான தடயங்களே மிஞ்சியிருக்கும்.

இதனால் புதுப்பிப்பவர்கள் எல்லாம் முரடர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அது நுட்பமான, பொறுமையான கலை. அதன் வேடிக்கையே, துருவைத் தடுக்கத் துருவையே பயன்படுத்துவதுதான்.

டெரிஞ்சர் காலத்துக் குழல்கள் மெல்லிரும்பால் ஆனவை. அவற்றுக்குப் பழுப்பேற்றுவார்கள். செய்முறை இதுதான்: குழலை எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்துவிட்டு, நைட்ரிக் அமிலம், மயில்துத்தம், பாதரச உப்பு என்று ஒவ்வொரு பட்டறையும் தன் கைப்பக்குவத்தில் கலந்த ஒரு திரவத்தைப் பூசி, ஈரக்காற்றில் வைப்பார்கள். சில மணி நேரத்தில் மெல்லிய துரு படியும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து உதிர்ந்ததை நீக்கிவிட்டு மீண்டும் பூசுவார்கள். இப்படிப் பல முறை செய்தால் ஒட்டிக்கொண்ட துரு மட்டும் நின்று, சாக்லேட் நிறத்தில் ஒரு போர்வை உருவாகும். கடைசியில் அமிலத்தின் வீரியத்தை முறித்து எண்ணெய் அல்லது மெழுகு தடவினால் முடிந்தது.

அதே துருவைக் கொதிக்கும் நீரில் போட்டால் நிறம் மாறுகிறது. சாதாரணச் சிவப்புத் துரு பஞ்சு போன்றது. ஈரத்தை உள்ளே இழுத்து இரும்பை மேலும் மேலும் தின்னும். கொதிநீரில் அது மாக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. இது இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், பரவாது. நீலம் கலந்த அந்தக் கறுப்பைத்தான் துப்பாக்கிக்காரர்கள் 'புளூயிங்' என்கிறார்கள். பழுப்பேற்றுவதற்கு ஆங்கிலத்தில் 'பிரவுனிங்' என்று பெயர். அடுத்து வரப்போகும் ஜான் பிரௌனிங் என்ற மனிதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

அந்த ஜான் பிரௌனிங் வடிவமைத்து கோல்ட் கம்பெனி 1903 முதல் 1945 வரை தயாரித்த சட்டைப்பை பிஸ்டல்தான் இன்று புதுப்பிப்பவர்களின் பட்டறைகளில் அடிக்கடி காணப்படும் பழைய பிஸ்டல்களில் ஒன்று. '0.32' ரகத்தில் மட்டும் 5,70,000-க்கும் மேல் தயாரானது. சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் சுத்தியலை உள்ளே மறைத்து வைத்திருந்தார்கள்; அதனால் 'சுத்தியல் இல்லாதது' என்று பெயர் வைத்து விற்றார்கள். உள்ளே சுத்தியல் இருக்கத்தான் செய்கிறது. விளம்பரத் துறை அன்றும் அப்படித்தான்.

அந்தக் காலத்து கோல்ட் நீலம் கொதிநீர் முறையில் வந்ததல்ல. பளிங்கு போல் தேய்த்த பாகங்களை, கருக்கிய எலும்புத் துண்டுகளோடும் 'கார்போனியா' என்ற எண்ணெயோடும் சுழலும் வாயு உலைக்குள் போட்டுச் சூடாக்குவார்கள். உள்ளே புரளும் புகையும் கரியும் சேர்ந்து ஆழமான, நீர் தேங்கியது போன்ற ஒரு நீலத்தைக் கொடுக்கும். சிறு பாகங்களுக்கு மயில் கழுத்தின் பளீர் நீலம். இதையெல்லாம் செய்ய உலை, ஆட்கள், நேரம் எல்லாம் வேண்டும். பிற்பாடு வந்த காரக்குளியல் முறை இதை மலிவாக்கியது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைத்த நீரைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்க வைத்து முக்கி எடுத்தால் கால் மணி, அரை மணியில் கறுத்துவிடும். பெரும்பாலான பட்டறைகளில் பழைய பிஸ்டலுக்குக் கிடைப்பது இதுதான். நிறம் நன்றாகவே இருக்கும். ஆனால் 1910-இல் பிறந்த பிஸ்டலுக்கு அது பாட்டிக்குப் போட்ட நைலான் புடவை மாதிரிதான்.

நிறத்தைக்கூட மன்னித்துவிடலாம். பெரிய சேதம் அதற்கு முந்தைய வேலையில் நடக்கிறது. துருக்குழி மேல் நீலம் ஏற்றினால் குழி அப்படியே தெரியும். ஆகவே குழியின் அடிவரை இரும்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். அரம், உப்புத்தாள், கடைசியில் பஃப் சக்கரம். பொறுமையுள்ளவர் தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, தளங்களைத் தளமாகவே வைத்து நாள் கணக்கில் தேய்ப்பார். அவசரக்காரர் நேரே சக்கரத்தில் பிடிப்பார். விளைவு? கூரான விளிம்புகள் சோப்புக்கட்டி போல் மழுங்கிவிடும். திருகாணித் துளைகளின் வாய் கிண்ணம் போல் குழிந்துவிடும். தொழிற்சாலையில் உருளையால் அழுத்திப் பதித்த எழுத்துகளும், முன்னங்கால் தூக்கி நிற்கும் கோல்ட் குதிரையும் பாதி மறைந்து பேய் மாதிரி நிற்கும். பழகிய கண் கொண்டவர்கள் கறுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் எழுத்தின் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். எழுத்து பதிக்கும்போது பிதுங்கிய மெல்லிய மேடு விரலில் தட்டுப்பட்டால் அசல் மேற்பரப்பு. வழவழவென்றிருந்தால் சக்கரம் பட்டது.

இன்னொரு விதமான இழப்பும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இதே மாடலை அமெரிக்க ராணுவம் வாங்கியது. ஐசன்ஹோவர், பிராட்லி போன்ற ஜெனரல்களுக்கும் இது கொடுக்கப்பட்டது. போரின் நடுவில் நீலத்தைக் கைவிட்டு, 'பார்க்கரைசிங்' என்ற சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சுக்கு மாறினார்கள். பளபளப்பே இல்லாத, சிமெண்ட் தரை மாதிரியான நிறம். அழகில்லைதான். அப்படி ஒரு பிஸ்டல் கிடைத்தவர், 'கோல்ட் என்றால் நீலமாகத்தானே இருக்க வேண்டும்' என்று பளபளப்பாக்கிவிட்டால், அவர் நீக்கியது அழுக்கை அல்ல; ஒரு போர்க்காலத்தை.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் பிஸ்டலும் லிங்கன் பிஸ்டல் அல்ல. வெள்ளத்தில் மூழ்கியதோ, தோல் உறையில் முப்பது வருடம் கிடந்து உறையின் உப்பால் அரித்துப்போனதோ, ஏற்கெனவே யாரோ மோசமாகத் தேய்த்துக் கெடுத்ததோ எத்தனையோ உண்டு. அசல் மேற்பரப்பே போன பிறகு எதைக் காப்பாற்றுவது? அப்படிப்பட்டதைப் பழைய முறையிலேயே பழுப்போ நீலமோ ஏற்றி, உடைந்த ரப்பர் பிடிக்குப் பதில் வால்நட் பிடி செதுக்கிப் பொருத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. கோல்ட் தொழிற்சாலையே பழைய பிஸ்டல்களைத் திரும்ப வாங்கி நீலமேற்றிக் கொடுத்ததுண்டு. உயிருள்ள சிவப்புத் துருவை 'வரலாறு' என்று சொல்லி விட்டுவைப்பதும் முட்டாள்தனம். அது நிற்காது, வரலாற்றையும் சேர்த்துத் தின்றுவிடும். எண்ணெயில் ஊற வைத்து, செம்பு நாணயத்தின் ஓரத்தாலோ மெல்லிய இரும்பு நாராலோ மேலே நிற்கும் செந்துருவை மட்டும் எடுத்துவிட்டு அடியிலுள்ள கரும்பழுப்பை விட்டுவிடுவது ஒரு நடுவழி. வேலை மெதுவாக நடக்கும், முடிவில் 'என்ன செய்தாய்?' என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள்.

அருங்காட்சியகக்காரர்கள் இன்னும் ஒரு படி பின்னால் நிற்பார்கள். அவர்களுடைய முதல் விதி, எதைச் செய்தாலும் பிறகு நீக்க முடிய வேண்டும் என்பது. அதனால்தான் வார்னிஷுக்குப் பதில் நுண்படிக மெழுகு பூசுகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான அந்த மெழுகு ஈரத்தைத் தடுக்கும், வேண்டாமென்றால் கரைத்து எடுத்துவிடலாம். பழைய கட்டடங்களுக்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்ற கருத்தைச் சொல்கிறது. கையளவு பிஸ்டலுக்கும் அது பொருந்தும். 1850-களில் இந்தக் குழல் எந்தப் பழுப்பில் இருந்தது என்று இன்று யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்?

தொடாமல் விட்டதால் விடை கிடைத்த இன்னொரு பிஸ்டலும் உண்டு. 1914 ஜூன் 28 அன்று சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவியையும் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டது, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை தயாரித்த பிரௌனிங் சட்டைப்பை பிஸ்டலால். நம் ஊருக்கும் இந்தக் குடும்பம் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங்கால்தான். சராயேவோ பிஸ்டலைப் பழைய 1900 மாடல் என்றே பல நூல்கள் எழுதி வந்தன. உண்மையில் அது, இறந்தவர்களுக்கு இறுதிச் சடங்கு செய்த புன்டிகாம் என்ற இயேசு சபைப் பாதிரியாரிடம் போய், 1926-இல் அவர் இறந்த பின் சபையின் வசமே கிடந்தது. 2004-இல் சபையினர் அதை வியன்னா ராணுவ அருங்காட்சியகத்திடம் கொடுத்தார்கள். அப்போதுதான் அது 1910 மாடல் என்பதும், வரிசை எண் 19074 என்பதும் ஐயமறத் தெரிந்தது. எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்ட ஒரு கொலையில் ஆயுதம் எதுவென்பதைத் தீர்த்து வைத்தது, யாரும் தேய்க்காமல் விட்ட ஐந்து இலக்கங்கள்!

லிங்கன் பிஸ்டலிலோ வரிசை எண்ணே கிடையாது. அதன் குழலுக்குள் ஓடும் திருகு வரிகள் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் திரும்புகின்றன என்பது ஒரு தனி அடையாளம். மற்றபடி அதற்கு இருக்கும் ஒரே கையெழுத்து அந்த விரிசலும் குழிகளும்தான். ஆய்வு முடிந்ததும் எஃப்.பி.ஐ. அதைத் திருப்பிக் கொடுத்தது. ஃபோர்ட் அரங்கின் அடித்தள அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள், அதே கறை படிந்த மரத்தோடும் புள்ளி விழுந்த குழலோடும் அது மீண்டும் வைக்கப்பட்டது. விரிசலை யாரும் ஒட்டவில்லை.